பழைய கேமராவா, புதுசா?

கேள்வி: கையில் 45,000 ரூபாய் இருக்கிறது. கடைக்காரர் புதிய கேனான் ஆர்100 வாங்கச் சொல்கிறார். நண்பனோ செகண்ட் ஹேண்டில் 5டி மார்க் 2 வாங்கு என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: எதைப் படமெடுக்கப் போகிறீர்களோ, அதன் பேச்சை! முகங்கள், கோயில் பிராகாரம், அந்தி நேரத்துக் கடைத்தெரு என்றால் நான் உங்கள் நண்பர் கட்சி. 5டி மார்க் 2 வந்தது 2008-இல். ஆனாலும் அதன் சென்சார் 36×24 மி.மீ. ஃபுல் ஃபிரேம். ஆர்100-இன் சென்சார் 22.3×14.9 மி.மீ. பெருக்கிப் பாருங்கள், பழையதன் பரப்பு இரண்டரை மடங்குக்கும் மேல். மங்கிய வெளிச்சத்தில் கைகொடுப்பது இந்தப் பரப்புதான். புதிய சென்சாரின் நுட்பம் அந்த இடைவெளியில் கொஞ்சத்தை ஈடுகட்டும், முழுவதையும் ஈடுகட்டாது.

அதைவிட முக்கியம் லென்ஸ். ஆர்100-உடன் வரும் 18-45 கிட் லென்ஸை 45-க்குத் திருப்பினால், துவாரம் எஃப்/6.3-க்கு மேல் திறக்காது. 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைப்போல் பன்னிரண்டு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பழைய பாடி வாங்கி மிச்சமாகும் பணத்தில் முதல் வேலையாக அந்த லென்ஸை வாங்குங்கள். பேட்டரிக்குத் திண்டாட மாட்டீர்கள்: 5டி மார்க் 2-உடன் அறிமுகமான எல்.பி.-ஈ6 குடும்பம் ஆர்6, ஆர்7 வரை தொடர்ந்து வந்திருக்கிறது.

ஓடியாடும் குழந்தை, யூடியூப் வீடியோ என்றால் கடைக்காரர் சொல்வதே சரி. ஆர்100 கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும். 5டி மார்க் 2-இல் ஃபோகஸ் புள்ளிகள் ஒன்பதுதான். இருட்டில் நடுப்புள்ளியைத்தான் நம்பலாம்.

கேள்வி: 5டி மார்க் 2-இல் டி.வி. தொடரே எடுத்திருக்கிறார்களாமே?

பதில்: உண்மை. அமெரிக்காவின் ‘ஹவுஸ்’ தொடருடைய 2010 சீசனின் கடைசிப் பகுதியை அதில் எடுத்தார்கள். அங்கே ஃபோகஸைத் திருப்புவதற்கென்றே தனி ஆள் இருப்பார். வீடியோ ஓடும்போது இந்த கேமரா தானாக ஃபோகஸைத் தொடராது. உங்களிடம் அந்த ஆள் உண்டா?

கேள்வி: “வாங்கி அப்படியே வைத்திருந்தேன், அதிகம் எடுக்கவில்லை” என்கிறார் விற்பவர். நம்பலாமா?
– வாசகி, மதுரை

பதில்: கேமராவையே கேளுங்கள். நிக்கான் என்றால், எடுத்த படத்துக்குள்ளேயே ஷட்டர் கவுன்ட் பதிந்திருக்கும். அந்த இடத்திலேயே ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம். பழைய கேனான் பெரும்பாலும் படத்தில் எழுதாது. மென்பொருளோ சர்வீஸ் சென்டரோ வேண்டும். 5டி மார்க் 2-இன் ஷட்டருக்கு நிறுவனம் சொன்ன ஆயுள் 1,50,000 கிளிக். கல்யாணங்களுக்குப் போய்வந்த கேமராவுக்கு அது பெரிய எண்ணே இல்லை. அந்த எண்ணைத் தாண்டிய மறுநாளே ஷட்டர் உடைந்துவிடாது. ஆனால் விலை இறங்கியே ஆகவேண்டும்.

எண்ணோடு நின்றுவிடாதீர்கள். லென்ஸில் ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். வெள்ளை நூல்போல் கிளை விட்டிருந்தால் ஃபங்கஸ், வாங்கவே வேண்டாம். லென்ஸை மூடி, சில விநாடி எக்ஸ்போஷரில் ஒரு படம்: கருப்பில் மின்னும் புள்ளிகள் சென்சாரின் கோளாறு. எஃப்/16-இல் வெள்ளைச் சுவரை எடுத்தால் தெரியும் கறைகள் பெரும்பாலும் தூசி, துடைத்துவிடலாம். 5டி மார்க் 2-க்கு சி.எஃப். கார்டு. அது செருகும் குழிக்குள் வரிசையாக ஊசிகள் இருக்கும்; ஒன்று வளைந்திருந்தாலும் தலைவலி. இதை யாரும் பார்ப்பதில்லை, நீங்கள் பாருங்கள். கடைசியாக, ஒரிஜினல் பில்லில் உள்ள சீரியல் நம்பரும் பாடியின் அடியில் உள்ளதும் ஒன்றுதானா? பில் இல்லாவிட்டால் விற்பவரின் அடையாள அட்டை நகலோடு எழுதி வாங்குங்கள். திருட்டுப் பொருள் உங்கள் கைக்கு வரக்கூடாது.

கேள்வி: அப்பாவின் பழைய நிக்கான் ஏ.எஃப்.-டி 50 மி.மீ. லென்ஸ் வீட்டில் இருக்கிறது. டி3500-இல் போடலாமா?

பதில்: மாட்டலாம், ஆனால் ஃபோகஸை நீங்களே கையால் திருப்ப வேண்டும். அந்த லென்ஸுக்குள் மோட்டார் இல்லை. 2018-இல் வந்த டி3500 பாடிக்குள்ளும் இல்லை. 2010-இல் வந்த டி7000-க்குள் மோட்டார் உண்டு. அப்பாவின் லென்ஸ் அதில் தானாக ஃபோகஸ் செய்யும். எட்டு வருடம் மூத்ததை வாங்குங்கள்.

கேள்வி: 12 மெகாபிக்சல் இந்தக் காலத்துக்குப் போதுமா?

பதில்: நிக்கான் டி700-இன் 12 மெகாபிக்சலில் 12×8 அங்குல பிரின்ட் தாராளமாக வரும். நீங்கள் கடைசியாக அதைவிடப் பெரிய பிரின்ட் போட்டது எப்போது?

கேள்வி: கல்யாண ஆர்டர் பிடிக்கத் தொடங்குகிறேன். புதிய என்ட்ரி லெவல் கேமரா போதுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: போதாது. ஆர்100-இல் கார்டு போட ஓர் இடம்தான். 5டி மார்க் 2-இலும் ஒன்றுதான், ஆகவே இதற்கு அதுவும் வேண்டாம். கார்டு கெட்டால் தாலி கட்டிய நொடியை மாப்பிள்ளையிடம் திரும்பக் கேட்க முடியாது. இரண்டு கார்டிலும் ஒரே படம் பதிகிற பாடி உங்களுக்குக் கட்டாயம். 2014-இல் வந்த நிக்கான் டி750-இல் இரண்டு எஸ்.டி. கார்டு போடலாம், ஃபுல் ஃபிரேம், 24 மெகாபிக்சல். நல்ல நிலையில் செகண்ட் ஹேண்ட் கிடைத்தால் அதுதான் என் தேர்வு. முதல் ஆர்டருக்கு அதையே வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். கைக்குப் பழகினால் பிறகு வாங்கலாம்.