போஞ்சிக்கும் பயணப்படி கொடுங்கள்

நம் நாட்டில் அமைச்சர்களைவிட அதிகம் ஊர் சுற்றுவது போஞ்சிதான். மலைநாட்டுத் தோட்டத்தில் பறித்த போஞ்சி சாக்கில் நசுங்கித் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போகும். அங்கே கைமாறி, வேறு லொறியில் ஏறி, சுமார் 70 கிலோமீற்றர் கடந்து கண்டிப் பக்கமே திரும்பி வரும். வழியில் தொட்டவர்களின் இலாபத்தையெல்லாம் சுமந்துகொண்டு, வாடிய முகத்தோடு மடவளைக் கடையில் வந்து உட்காரும். பாடசாலைக்குச் சமைக்கும் தாய் அதைக் கடன் கொப்பியில் எழுதிவிட்டு வாங்கிப் போவார்.

2024 மார்ச்சிலிருந்து 1ஆம் ஆண்டு முதல் 5ஆம் ஆண்டு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் சாப்பாடு என்று அரசு அறிவித்தது. வாழ்க! அப்போது ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒதுக்கியது 110 ரூபாய். சோறு, மரக்கறி, பருப்பு, முட்டை, எண்ணெய், விறகு, சமைப்பவரின் கூலி எல்லாம் அதற்குள். 2023 ஜனவரியில் சிவப்பு முட்டைக்கு அரசே விதித்த உச்சவிலை 46 ரூபாய். மீதியில் மற்றதெல்லாம் வேகவேண்டும். இந்தக் கணக்கைப் போட்ட கூட்டத்தில் பரிமாறிய பட்டிஸுக்கும் தேநீருக்கும் தலைக்கு 110 ரூபாய் போதுமாயிருந்ததா என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

அந்தப் பணமாவது நேரத்துக்கு வருகிறதா? கொடுப்பனவு தாமதமாகிறது என்று சமைப்போர் முறையிட்டு அலுத்துவிட்டார்கள். உலக உணவுத் திட்டம் சில மாவட்டங்களில் இவர்களுக்குக் கோழியும் கூடும் விதையும் கொடுத்தது. நல்ல காரியம். அதைப் பார்த்து அரசு கற்றது என்ன? கமக்காரியும் அவரே, சமையற்காரியும் அவரே, அரசுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கும் வங்கியும் அவரே என்பதைத்தான்.

நாலு பக்கமும் கடல் சூழ்ந்த நாடு இது. அமெரிக்க நன்கொடையாக வந்த சால்மன் ரின்மீனைப் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பரிமாறினோம். 2023இல் இந்திய முட்டை கப்பலேறி வந்தது. ஊர்க் கமக்காரரின் கத்தரிக்காய்தான் இன்னும் பாடசாலை வாசலைக் கண்டதில்லை. பாவம், அதற்கு விசா கிடைக்கவில்லை.

வகுப்பிலோ போசாக்குப் பாடம். சுவரில் வண்ணப்படம்: கீரை, பழம், மீன், முட்டை. பிள்ளை பெயர்களைப் பாடமாக்கிப் பரீட்சையில் புள்ளியும் வாங்கும். ‘மரக்கறி எங்கிருந்து வருகிறது?’ என்று கேட்டால் ‘கடையிலிருந்து’ என்று சொல்லும். பிள்ளையில் பிழையில்லை. பத்து நிமிட நடையில் இருக்கும் மரக்கறித் தோட்டத்துக்கு அதைக் கூட்டிப்போகப் பாடவேளையில் இடமில்லை.

ஊர் விளைச்சலைப் பாடசாலைக்கு வாங்குவதைப் பற்றிக் கேட்டால், ‘ஆராய்ந்து பார்க்கவேண்டும்’ என்பார்கள். 2021இல் இரசாயனப் பசளையைத் தடைசெய்தபோது எந்த ஆராய்ச்சி நடந்தது? மே மாதம் வர்த்தமானி, நவம்பரில் பின்வாங்கல், இடையில் விளைச்சல் படுத்துவிட்டது. மறுவருடம், காலைக்கூட்டத்தில் பிள்ளைகள் பசியால் மயங்கி விழுந்த செய்திகளைப் பத்திரிகையில் படித்தோம். கெடுப்பதற்கு ஒரு வர்த்தமானி போதும். கொடுப்பதற்கு மட்டும் குழு, உபகுழு, செயலமர்வு, பகல் போசனம்!

பிரேசில் 2009இல் ஒரு சட்டம் போட்டது: பாடசாலை உணவுக்கு மத்திய அரசு தரும் நிதியில் குறைந்தது 30 வீதம் குடும்ப விவசாயிகளிடம் வாங்கவேண்டும். அங்கேயும் அரசியல்வாதிகள்தான் இருக்கிறார்கள். வானத்திலிருந்து யாரும் இறங்கவில்லை.

ஆகவே கல்வி அமைச்சுக்கும் விவசாய அமைச்சுக்கும் மூன்றே வேண்டுகோள். சமைப்பவருக்கு மாதத் தொடக்கத்திலேயே முற்பணம் கொடுங்கள். கமநல சேவை நிலையத்தின் வழியாக அந்தந்தப் பிரதேசக் கமக்காரரிடம் இவ்வளவு வீதம் வாங்கவேண்டும் என்று சட்டம் போடுங்கள். பிள்ளைகளைத் தவணைக்கு ஒருமுறையாவது தோட்டத்துக்கு அனுப்புங்கள். இதைச் செய்யும்வரை பிள்ளைகளுக்குச் சோறு போடுவது அரசு என்று மேடையில் பேசாதீர்கள். போடுவது கடன் கொப்பி வைத்திருக்கும் தாய்.