முளைச்சிருச்சாம்மா?

1990இல் ஓர் அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். அப்போதெல்லாம், ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் என்றால் ஏழு நாள். ரத்தம் விட்ட பாட்டில்களை 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்துவிட்டு, தினமும் காலையில் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். கலங்கியிருக்கிறதா, குமிழி தெரிகிறதா, ரத்தம் சிதைந்து நிறம் மாறியிருக்கிறதா என்று கண்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டாலும் குறித்த நாட்களில் ஒரு துளி எடுத்துப் பிளேட்டில் இழுப்போம். ஏழாம் நாளும் ஒன்றும் வராவிட்டால்தான் ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதுவோம். இதய வால்வில் தொற்று என்று சந்தேகம் வந்தால் இரண்டு மூன்று வாரம்கூட வைத்திருப்போம்.

அந்த வருஷம் எட்டு வயதுப் பையன் ஒருவன் டைபாய்டு காய்ச்சலோடு படுத்திருந்தான். குளோராம்பெனிகால் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. அவன் அப்பா விவசாயி. காலையில் ஆய்வக ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, “ஏதாச்சும் முளைச்சிருச்சாம்மா?” என்று கேட்பார். வெள்ளிக்கிழமை வைத்த பாட்டில் சனிக்கிழமை தெளிவாக இருந்தது. ஞாயிறு விடுமுறை. திங்கள் காலையில் எடுத்தால் நன்றாகக் கலங்கியிருந்தது. செவ்வாய்க்கிழமை பிளேட்டில் டைபாய்டு கிருமி. புதன்கிழமை, குளோராம்பெனிகாலுக்கு அது அடங்காது என்று தெரிந்தது. மருந்தை மாற்றினார்கள், பையன் பிழைத்தான். ஆனால் அந்தப் பாட்டில் ஞாயிற்றுக்கிழமையே கலங்கியிருக்கும். பார்க்க ஆள் இல்லை.

இன்று நான் வேலை செய்யும் இடத்தில் ஜன்னல் வெளிச்சத்துக்கு வேலையில்லை. கிருமி வளரும்போது விடும் கார்பன் டை ஆக்சைடு பட்டு, பாட்டிலின் அடியில் உள்ள வட்டம் பச்சையிலிருந்து மஞ்சளாக மாறும். இயந்திரம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நோய் தரும் கிருமிகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு நாளிலேயே தெரிந்துவிடுகின்றன. அதனால் ஏழு நாள் ஐந்தாயிற்று. வால்வுத் தொற்றில் நாங்கள் வாரக்கணக்கில் காத்திருந்த கிருமிகள்கூடப் பெரும்பாலும் இந்த ஐந்துக்குள் வந்துவிடுகின்றன. நாலு நாள் போதுமா என்று இப்போது பல நாடுகளில் ஆராய்கிறார்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. கடைசி நாளில் எழுபவற்றில் பல, ஊசி குத்தும்போது தோலிலிருந்து வந்து ஒட்டியவைதான். காசநோய்க் கிருமி, சில பூஞ்சைகள் போன்றவற்றுக்கு மட்டும் நாள் கூடுதலாக வேண்டும். சந்தேகம் இருந்தால் டாக்டர் அதைப் படிவத்தில் எழுதிவிட வேண்டும்.

என் கவலை அந்த ஐந்தாம் நாளைப் பற்றியது அல்ல. பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். மூன்று மில்லிதான் வந்து சேர்கிறது. சில நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு மில்லிக்கு ஒரு கிருமிகூட இருக்காது. மூன்று மில்லியில் சிக்காததை இன்னும் பத்து நாள் வைத்தாலும் வளர்க்க முடியாது. மாலையில் எடுத்த ரத்தம் விடியும்வரை வார்டு மேசையிலேயே இருக்கிறது. ஒருநாள் இயந்திரத்தின் பதிவை எடுத்துப் பார்த்தேன். இரவு 11.40க்கு அலாரம் அடித்த பாட்டிலைக் காலை 9.30க்குத்தான் ஸ்லைடில் தேய்த்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பையனின் ஞாயிற்றுக்கிழமை இன்னும் முடியவில்லை என்று தோன்றியது.

அதன்பிறகு இரவு டெக்னீஷியன்களை உட்கார வைத்து ஸ்லைடில் கிருமிக்குச் சாயமேற்றிப் பார்க்கும் கிராம் ஸ்டெயின் செய்யச் சொல்லிக் கொடுத்தேன். பாட்டில் மேல் ரத்தம் எடுத்த நேரத்தை எழுதாமல் வாங்குவதில்லை. அலாரம் அடித்தால் ஸ்லைடைப் பார்த்த கையோடு வார்டுக்குப் போன் போக வேண்டும். நான் டியூட்டியில் இருந்தால் நானே பேசுவேன். அப்படிப் பேசும்போதெல்லாம், ஜன்னலுக்கு வெளியே நின்ற அந்த அப்பாவுக்கு, அன்று ஒரு நாள் தாமதமாகச் சொன்ன பதிலை நேரத்தோடு சொல்வதாகவே நினைத்துக்கொள்கிறேன்.