நிழல் தவிர்த்த பெருவழுதி மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்தி ஸ்ரீ! சுங்கம் தவிர்த்தான் என்று குலோத்துங்க சோழனைக் கொண்டாடுகிறது சரித்திரம். சுங்கம் என்ன பெரிய சுங்கம்? நிழலையே தவிர்த்த கான்கிரீட் பெருவழுதியே, உமது திருவடி வாழ்க! மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணெதிரே நிற்கும் ராயகிரிப் பேரூராட்சியிலும் வெயிலுக்குச் சிம்மாசனம் அமைக்க உம்மையன்றி யாரால் முடியும்?

முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி. நீரோ அதற்கு மண்ணே தேவையில்லாதபடி விடுதலை ஈந்தீர். வாசற்படி முதல் வாறுகால் வரை பேவர் பிளாக் விரித்தீர். மழைநீர் இனி பூமிக்குள் இறங்கி இருட்டில் அலைய வேண்டியதில்லை. வாறுகாலில் ஏறி ராஜபாட்டையாக ஊரைவிட்டே போய்விடுகிறது. ஈரமற்ற மண்ணுக்கு வெயிலைத் தணிக்கும் பாடும் மிச்சம்.

வேப்பமரத்தின் குற்றம்தான் சிறிதா? வேரால் நீரை உறிஞ்சி இலைவழியே ஆவியாக்கும் சாக்கில், சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தைக் காலமெல்லாம் களவாடி வந்தது. அந்தக் கள்வனைத் தெருத்தெருவாக ஒழித்தீர். தப்பிய ஒன்றிரண்டுக்கும் அடிமரம் நெருங்கச் சிமெண்ட் பூசி ஆரம் சூட்டினீர். வாசலில் சருகு விழுவதில்லை, கூட்டிப்பெருக்கும் வேலையில்லை, உச்சிவேளையில் தெருவில் ஒதுங்கி நிற்க ஆளுமில்லை. இத்தனை தூய்மையை எந்த மன்னர் தந்தார்?

ஓட்டு வீடு சூட்டை இடுக்குவழி வெளியே விட்டது. திண்ணை வழிப்போக்கனுக்கு இடம் கொடுத்தது. அத்தகைய ஊதாரித்தனங்களை அகற்றிச் சுவரோடு சுவர் சேர்த்தீர். சாரல் காலத்து மேல்காற்று மலையிறங்கி வந்து வழி கேட்டது. அரண்மனை மரியாதை அறியாத அந்தக் காட்டுக்காற்றைத் தெருமுனையிலேயே நிறுத்தினீர்.

உமது கொடைத்திறத்தை என்னென்பேன்! பகலெல்லாம் சூரியனிடம் பெற்றதைப் பதுக்காமல் இரவில் குடிகளுக்கே வாரி வழங்குகிறீர். எதிரெதிர்ச் சுவர்கள் உயர்ந்து நெருங்கி, வானம் ஒரு கோடாகச் சுருங்கிவிட்டதால், அந்த வெப்பம் விண்ணுக்குத் தப்பாமல் சுவருக்குச் சுவர் கைமாறுகிறது. அறைக்குள் குளிரூட்டும் ஏசியும் தன் சூட்டைத் தெருவுக்கே தானம் செய்து உமக்குத் துணை நிற்கிறது. கடையெழு வள்ளல்களும் இரவில் உறங்கினார்கள். நீர் உறங்குவதில்லை, எங்களையும் உறங்க விடுவதில்லை. நகரத்து இரவு சுற்றியுள்ள நாட்டுப்புறத்து இரவைவிட வெப்பமானது என்று வானிலை ஆய்வாளர் லூக் ஹோவர்டு லண்டனை அளந்து எழுதினார். மாநகரங்களுக்கே உரிய அந்தப் பெருமையை மலையடிவாரத்துக்கும் கொண்டுவந்த கருணைக் கடல் நீர்!

தலைநகர் சென்னையில் மட்டும் என்ன குறை? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியைக் குப்பைமேடும் கட்டடமுமாக உயர்த்தினீர். மிஞ்சியதைக் காக்க 2022-இல் ராம்சர் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலே வரவேண்டியதாயிற்று. அத்தனை பெரியது உமது படையெடுப்பு.

பழைய மன்னர்களின் வெண்கொற்றக்குடை குடிகளுக்குக் குளிர்நிழல் தந்ததாம். உமது குடையோ தகர ஷீட்டு. அதன்கீழ் வந்தவர் வெயிலிலேயே நின்றிருக்கலாம் என்று ஞானம் பெறுகிறார்.

ராணி மங்கம்மாள் சாலையோரம் மரம் நட்டுவித்தார்; முந்நூறு ஆண்டு கழிந்தும் தென்னாட்டார் அவர் பெயரைச் சொல்கிறார்கள். உமது புகழுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டாம், பெருவழுதியே. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடுதோறும் கரண்ட் பில்லே வந்து பாடிவிடுகிறது.