மடவைக்கு யாருடா மாத்திரை குடுப்பா?

வாடா பேராண்டி, குந்து. கையில இன்னா டப்பா? மீன் எண்ணெய் மாத்திரையா? பழவேற்காட்டு ஏரிக்கரையில பொறந்தவன், பட்டணம் போயி மீன் எண்ணெயக் காசு குடுத்து வாங்கியாந்திருக்க! பாட்டிகிட்ட காட்டிடாத, சிரிச்சே வயிறு வலிச்சுக்குவா.

எதுக்காம் இது? 'ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்'ஸா? பேரு பெரிய லாஞ்சி மாதிரி கீது. உள்ள இருக்கிற சரக்கு நம்ம கருவாட்டுக் கூடையிலயே கீதுடா. ரொம்ப நாளு கெடந்த மடவைக் கருவாட்ட மோந்து பாத்திருக்கியா? மஞ்சப் பூத்து, சிக்கு அடிக்கும். அதுல இருந்த கொழுப்பு காத்துபட்டுக் கெட்டுப்போச்சு. உன் உடம்புல உயிரோட இருக்கிற செல்லுக்கும் சுவரு கொழுப்புதான். அங்க மட்டும் சிக்கு புடிக்காதா?

வலையில ஒரு கண்ணி அறுந்தா சும்மாவா கெடக்கும்? பக்கத்துக் கண்ணிய இழுக்கும். அது அடுத்தத இழுக்கும். அதே கததான். கெட்ட கொழுப்பு ஒண்ணு, பக்கத்துக் கொழுப்புகிட்ட ஹைட்ரஜனப் புடுங்கும். பறிகுடுத்தது அடுத்ததுமேல பாயும். இரும்பு வேற அளவு மீறித் திரிஞ்சா கேக்கவே வேணாம். அறுந்தத தைக்க உள்ளயே ஒரு ஆளு உண்டு, ஜிபிஎக்ஸ்4னு ஒரு நொதி. அவன் கை ஓஞ்சுதோ, சுவரு பொத்தலாயி, தண்ணி பூந்து, செல்லு ஊதி வெடிச்சுடும். 2012ல அமெரிக்காவுல கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காரங்க இந்தச் சாவுக்கு 'ஃபெரோப்டோசிஸ்'னு, அதாவது இரும்புச் சாவுன்னு, பேரு வச்சாங்க. துருப்புடிச்ச நங்கூரத்தத் தெனம் பாக்குற நமக்கு ஒரு பேரு வைக்கத் தோணுச்சா, சொல்லு?

டப்பாவத் திருப்பு. பொடி எழுத்துல 'டோகோபெரால்'னு போட்டிருக்கா? அதான் வைட்டமின் ஈ. தன் கையில இருக்கிறதக் குடுத்து சண்டைய நிறுத்துற நாட்டாமை. உன்னக் காப்பாத்த வந்தவருன்னு நெனச்சியா? அட போடா! கொழுப்புலயே மீன் கொழுப்புதான் வெரசாக் கெடும். அந்த எண்ணெய் கெடாம இருக்க அவர அங்க உக்கார வச்சிருக்காங்க. உன் காவக்காரனுக்கே ஒரு காவக்காரன்!

சிரிச்சது போதும். சென்னை பாரதி மகளிர் கல்லூரியில ஆராய்ச்சி பண்றவங்க எண்ணூர் மடவையையும் கோவளத்து மடவையையும் புடிச்சு, ஈரல எடுத்து ஒப்பிட்டாங்க. எண்ணூரு மீனுக்குத்தான் சிக்குப்புடிச்ச கொழுப்பு ஜாஸ்தி. அழுக்குத் தண்ணி செஞ்ச வேல. எண்ணூரு எங்கியோ கீதுன்னு நெனக்காத, நம்ம ஏரிக்கும் அதுக்கும் பக்கிங்காம் கால்வாயில வழி உண்டு. அந்த மடவைக்கு எந்தக் கடையில மாத்திரை வாங்குவ?

சரி, எழுந்து போயி டப்பாவ ஜன்னல் வெயில்ல வைக்காம உள்ள வை. அதுக்கு முன்னாடி ஒண்ணக் கிள்ளி மோந்து பாரு. சிக்கு அடிச்சா, கோழிக்குக் கூடப் போடாத.