அரசாங்கச் சம்பளத்தில் சத்திய சாட்சி

1854 ஜனவரியில் டென்மார்க்கின் சீலாந்துப் பேராயர் மின்ஸ்டர் காலமானார். அரண்மனைப் பிரசங்கி, அரசர் தந்த விருதுகள் வேறு. அஞ்சலிப் பிரசங்கத்தில் பேராசிரியர் மார்டென்சன் அவரை அப்போஸ்தலர் காலம் தொட்டு வரும் சத்திய சாட்சிகளின் வரிசையில் சேர்த்தார். கல்லெறிபட்டுச் செத்த ஸ்தேவானுக்குப் பக்கத்திலேயே ஒரு மெத்தை நாற்காலி! ஏப்ரலில் காலியான பதவி மார்டென்சனுக்கே கிடைத்தது. நம்மூர் டயோசிஸ் தேர்தல்களைப் பார்த்தவர்கள் இதற்கெல்லாம் அசரமாட்டார்கள்.

கோபன்ஹேகன் தத்துவவாதி கீர்க்ககார்டுக்குத்தான் பொறுக்கவில்லை. டிசம்பரில் நாளிதழில் ஆரம்பித்தவர், அடுத்த வருடம் சொந்தமாகவே இதழ் போட்டு விளாசினார். ஆராதனைக்குப் போகாதிருந்தால் ஒரு பாவமாவது குறையுமாம். மரணப் படுக்கையிலும் பாதிரியார் கையால் நற்கருணை வேண்டாமென்றார். பாதிரியார்கள் அரசாங்க ஊழியர்களாம்.

சபை கோபப்படவே இல்லை. 1855 நவம்பரில் அவர் இறந்ததும் கோபன்ஹேகன் பேராலயத்திலேயே அமர்க்களமாக அடக்க ஆராதனை நடத்திவிட்டது. பிரசங்கம், பாதிரியாரான சொந்த அண்ணன். கல்லறையில் அக்கா மகன், ஒரு டாக்டர், மாமா எழுதியதையே வாசித்து இந்தச் சடங்கை ஆட்சேபித்தார். அவருக்கு 100 ரிக்ஸ்டாலர் அபராதம். மார்டென்சன் 1884 வரை பேராயர்.