சாவிக்கொத்தும் சாதிக் கேள்வியும்

சென்னை தரமணியில் 2000-இல் டைடல் பார்க் வந்ததும் வேளச்சேரிப் பக்கம் மாடிக்கு மேல் மாடி எழும்பியது. கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்கு ஊரூராக வந்து இறங்கிய பிள்ளைகளுக்கு வீடு பார்த்துக் கொடுக்க ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் நான் வாடகை வீட்டு புரோக்கர் ஆனேன். டீக்கடை பெஞ்சையே ஆபீஸாக வைத்திருந்த ஓர் அண்ணாச்சி எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார்.

அன்றைக்கு முதலீடு ஒரு நோட்டு, ஒரு சைக்கிள், ஓனர்கள் நம்பிக் கொடுத்த சாவிக்கொத்து. 'டூ-லெட்' பலகை தொங்கும் கேட்டைத் தேடித் தெருத்தெருவாகச் சுற்றுவோம். ஞாயிற்றுக்கிழமை பேப்பர் விளம்பரத்தை விடியற்காலையிலேயே படித்துவிடுவோம். "வீட்டுக்குள்ள போனதும் சுவரைப் பாக்காத, குழாயைத் திற" என்பார் அண்ணாச்சி. மெட்ரோ வாட்டர் வருகிறதா, போரிங் தண்ணீர் உப்பா, கரண்டுக்குத் தனி மீட்டரா, இல்லை யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வைக்கும் கணக்கா என்று கேட்டுவைக்கச் சொல்வார். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பதையும் நானே சேர்த்துக்கொண்டேன். குடிவருகிறவர்களிடம் இவற்றை மறைக்காமல் சொன்னதால்தான் அவர்கள் தம்பி, தங்கைகளையும் என்னிடமே அனுப்பினார்கள். என் தொழில் வளர்ந்தது அப்படித்தான்.

இன்றைக்கு எல்லாம் போனில் முடிகிறது. பெங்களூரில் இருப்பவர் வீடியோ காலில் சமையலறையைப் பார்த்து, ஜிபேயில் டோக்கன் அட்வான்ஸ் போட்டுவிடுகிறார். சட்டமும் மாறிவிட்டது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும் என்கிறது அது. ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக்கொள்ளாத வரை, அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகை என்று வரம்பும் வைத்தது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற ஓனர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மாறாதது ஒன்று உண்டு. அன்று சாவியைக் கொடுக்குமுன் ஓனர் கேட்பார்: "நம்ம ஆளுங்கதானே தம்பி?" இன்று அதே கேள்வி 'வெஜ் ஒன்லி', 'ஃபேமிலி மட்டும்' என்று விளம்பரத்திலேயே வந்துவிடுகிறது. அன்று பெயரைக் கேட்டதும் "வீடு முடிஞ்சிருச்சு" என்று வாசலில் நின்று சொன்னார்கள். இன்று வாட்ஸ்அப்பில் பதில் வருவதில்லை. 2012 பிப்ரவரியில் வேளச்சேரி வாடகை வீடொன்றில், வங்கிக் கொள்ளைகளில் சந்தேகிக்கப்பட்ட வடமாநிலத்தவர் ஐந்து பேர் போலீஸ் என்கவுன்ட்டரில் இறந்தார்கள். குடியிருப்பவர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கும் கட்டாயம் அதன்பின் வந்தது. விவரம் கேட்பது நியாயம். ஆனால் இந்தி பேசுகிற ஒரே காரணத்துக்காக நல்ல பிள்ளைகள் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டதை என் கண்ணால் பார்த்தேன். முஸ்லிம் குடும்பங்களும், தனியாக இருக்கும் பெண்களும், சாதியைச் சொல்ல மறுப்பவர்களும் எப்போதும் கூடுதலாக அலைகிறார்கள். மதத்தையோ சாதியையோ வைத்து வீடு மறுக்காதே என்று சொல்லும் பிரிவு அந்தப் புதுச் சட்டத்திலும் இல்லை.

அதனால் என் ஓனர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வேலைச் சான்று கேளுங்கள், ஆதார் கேளுங்கள், பழைய ஓனரிடம் விசாரியுங்கள், சாதியும் மதமும் கேட்பதாக இருந்தால் வேறு ஆள் பாருங்கள். சில வீடுகள் கைவிட்டுப் போயின. ஒத்துக்கொண்ட ஓனர்களுக்கு ஒழுங்காக வாடகை வந்துகொண்டிருக்கிறது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பி, தங்கைகளே, கமிஷன் ஒரு மாத வாடகையோடு முடிந்துவிடும். அலைந்து களைத்து வருகிறவருக்காக ஓனரிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசுங்கள். அதுவும் நம் வேலைதான்.