நெய்வேலிக் குரைப்பியல்: ஓர் அறிமுகம்

குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் புறப்படுவோர் தம் நாய்களையும் பூனையையும் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் விட்டுச் செல்லும் வழக்கத்தை இவ்வாய்வு ‘அடைக்கலம்’ என்றும், ‘ரெண்டு நாள்தானே’ என்ற சொல்லுக்கு மயங்கி அவற்றை ஏற்றுக்கொள்பவரை ‘அடைக்கலர்’ என்றும் குறிக்கும். நான்கு நாய்களும் ஒரு பூனையும் சேர்ந்த தொகுதியே இங்கு ஆராயப்படுகிறது. ஒற்றை நாய்க்காரர்கள் ஆய்வெல்லைக்கு வெளியே நிம்மதியாக இருக்கிறார்கள்.

இத்துறைக்கு நெய்வேலி களமானது தற்செயலன்று. 1956இல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் ஊழியர்களுக்காக எழுந்த இந்நகரியத்தில், வீடுகள் வட்டம் வட்டமாகவும் தோட்டத்தோடும் அமைந்திருப்பதால், நாய்க்கு ஓட இடமும் பூனைக்கு ஏற மரமும் உண்டு. சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகலாக இயங்குவதால், எந்நேரமும் யாரேனும் ஒருவர் டூட்டிக்குப் போய்க்கொண்டோ வந்துகொண்டோ இருக்க, நாய்க்குக் குரைக்கக் காரணமும் குறைவதில்லை. நைட் ஷிப்ட் முடித்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு பகலில் தூங்க முயலும் அண்டை வீட்டாரின் கருத்துகள் அச்சிடத் தக்கவையல்ல.

நிலக்கரிப் படிவத்தின் மீது கிடக்கும் மண்ணையும் பாறையையும் சுரங்கத் துறையினர் ‘மேல்மண்’ என்பர். இங்கு ஒரு டன் நிலக்கரிக்காக ஐந்து கன மீட்டருக்கும் மேலான மேல்மண்ணை ராட்சதச் சக்கர இயந்திரங்கள் வாரிக் கொட்டவேண்டியிருக்கிறது. குரைப்பும் இத்தகைய படிவ அமைப்புடையதே. மேலடுக்கில் சைக்கிள் மணிக்கான குரைப்பும், அதன்கீழ் பால்காரருக்கானதும், அதற்கும் கீழே அடுத்த வட்டத்து நாய்க்கு அளிக்கப்படும் விரிவான மறுமொழியும் கிடக்க, திருடனுக்கென்று உள்ள ஒரே ஒரு குரைப்பு அடியாழத்தில் இருக்கிறது. அதை எட்டுவதற்குள் அடைக்கலர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு விடுகிறார் என்பதே இம்முறையின் குறை. குரைப்பு ஓய்ந்தாலும் அமைதி வருவதில்லை: காலியான அலுமினியத் தட்டைச் சிமெண்டுத் தரையில் மூக்கால் தள்ளியபடி கூடத்திலிருந்து சமையலறைவரை நாய் ஒன்று ஊர்வலம் போவது நள்ளிரவுக்குப் பிறகுதான்.

ராஜபாளையம் நாய்க்கு 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. ஆயினும் அந்த இனம் தபால்காரரைக் கண்டால் காட்டும் ஆவேசத்தில் நன்றியறிதலின் சாயல் ஏதுமில்லை. தொல்காப்பிய மரபியல், நாய்க்குட்டியைப் புலிக்குட்டியோடு சேர்த்துக் ‘குருளை’ என்கிறது. இதை யாரோ பொமரேனியனிடம் சொல்லிவிட்டார்கள் என்று கருத இடமுண்டு. அதே மரபியல் பெண் நாயைப் ‘பாட்டி’ என்பதால், ‘பாட்டிக்கு ராத்திரி பால்சோறு வெச்சிடுங்க’ என்று இலக்கணச் சுத்தமாகச் சொல்லிச் செல்வோர், அந்த வீட்டில் உண்மையான பாட்டி இருக்கிறாரா என்பதை முதலில் விசாரித்துக்கொள்வது நலம்.

பூனையோ சத்தம் போடுவதில்லை. ஆய்வாளர்கள் ஏமாறுவது இங்கேதான். நான்கு நாய்களும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டால், அது பூனை பலாமரத்தில் ஏறிவிட்டதையும், அவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதையும் குறிக்கும். பூனையின் நகங்கள் பின்னோக்கி வளைந்திருப்பதால் ஏறுவது எளிது, தலைகீழாக இறங்குவது அரிது. பின்பக்கமாக இறங்கலாம் என்பது அதற்குத் தோன்றும்வரை அடைக்கலர் கருவாட்டுத் துண்டோடு மரத்தடியில் நிற்கவேண்டும். அந்தத் துண்டு பூனைக்குப் போய்ச் சேர்வதில்லை என்பதை, கீழே நிற்கும் நால்வரின் எண்ணிக்கையிலிருந்தே உய்த்துணரலாம்.

உரியவர்கள் ஊரிலிருந்து திரும்பியதும், கல்யாண வீட்டு ஜாங்கிரிப் பொட்டலத்தை நீட்டி, ‘தொந்தரவு ஏதும் பண்ணலையே?’ என்று கேட்பது மரபு. அதற்குச் ‘சேச்சே’ என்பதன்றி வேறு விடை இதுவரை பதிவாகவில்லை. இக்கட்டுரை அச்சுக்குப் போகும் நேரத்தில் பூனை பலாமரத்தில்தான் இருக்கிறது.